பிந்தி வரும் படம்

போன வாரம் தையல்கார அக்கா செட்டாப் பெட்டியைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய், சொந்தக் கொழுந்தனுடைய கேபிள் ஆபீஸ் மேசையில், நாலு வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டக்கென்று வைத்துவிட்டு வந்தாள் அல்லவா? அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கும் வீட்டு வேலை ஓடவில்லை. எனக்கு ஓடாததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் வீட்டு ஜன்னல் அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

அந்தக் கொழுந்தனைத் தெருவே ‘சிக்னல்’ என்றுதான் கூப்பிடும். இருபது வருடமாக மாடி மாடியாக ஏறி, “சிக்னல் வருதா? இப்ப வருதா?” என்று கத்திக் கத்தி வாங்கிய பேர். அவருடைய அண்ணன் வீட்டிலேயே கேபிள் வேண்டாம் என்றால், ஹோட்டல்காரர் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போகிற மாதிரிதான். தெரு வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தது.

அக்கா வெளியில் சொன்ன காரணம் பணம். கேபிளுக்குக் கொடுப்பதில் கால்வாசி கொடுத்தால், இன்டர்நெட்டில் விளையாட்டு மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். கேபிளில் இருநூறு சேனல் வந்தது, நிஜம்தான். அதில் நகை விற்பவை மூன்று, வெயிட்டைக் குறைக்கிற பெல்ட் விற்பவை நாலு, என்ன பாஷை என்றே தெரியாதவை ஐம்பது. இதற்கெல்லாம் சேர்த்து அவள் மாதா மாதம் அழுதுகொண்டிருந்தாள்.

ஆனால் பணத்துக்காக மட்டும் அவள் அதைச் செய்தாள் என்று நினைக்கிறவர்கள், அவளிடம் ஒரு துணிகூடத் தைக்கக் கொடுக்காதவர்கள்.

அவளுக்கு ஒரே மகள். வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கி ஒரு பெண்கள் கால்பந்து அணியில் இருக்கிறாள். இரண்டாவது கோல்கீப்பர். அதாவது முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. பயிற்சியில் பந்தை உள்ளே விடவே மாட்டாளாம். அதனால் கூட ஆடுகிற பெண்கள் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஆடுகிற லீக் எந்தக் கேபிள் சேனலிலும் வராது. இரண்டு வருடமாக அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். சிக்னலும் “அடுத்த மாசம் அண்ணி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன மாதம் ஒரு நாள், அக்கா கொடுத்த டீயை அக்கா வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து குடித்துக்கொண்டு, “பொம்பளப் புள்ளைங்க ஆடுறதை யாரு அண்ணி பாக்குறா?” என்று கேட்டுவிட்டார்.

அக்கா டீ கிளாசை வாங்கிக் கழுவி வைத்தாள். இன்டர்நெட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டாள்.

அதோடு நின்றாளா? பக்கத்து ஆறு வீடுகளுக்கும், உடம்பளவு எழுதி வைக்கிற துண்டுச் சீட்டிலேயே தன் வைஃபை பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் சும்மா பார்த்துப் பழகுங்கள், பிடித்தால் நீங்களும் கேபிளை விடுங்கள் என்றாள். எனக்கு வந்த சீட்டின் பின்பக்கத்தில் யாருடைய இடுப்பளவோ இருந்தது. யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். சொல்ல மாட்டேன், நாற்பத்து நாலு.

சிக்னலிடம் பதிலுக்கு ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. இன்டர்நெட்டில் வருகிற படம் கேபிளைவிட ஒரு நிமிடம் பிந்தி வரும். அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்த வாரம் முழுக்க, அக்கா வீட்டு டிவியில் பந்து வீசுகிறவர் ஓடி வரத் தொடங்கும்போதே, சுவருக்கு அந்தப் பக்கம் “அவுட்டு” என்று சிக்னலின் குரல் கேட்கும். பிறகு வாசலுக்கு வந்து, “அண்ணி, உங்க டிவியில நேத்துப் பேப்பர் வந்தாச்சா?” என்று விசாரிப்பார்.

இப்படியாக ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு ஆட்டம். ஒன்று கிரிக்கெட் இறுதி ஆட்டம், ஊரே பார்க்கும். இன்னொன்று பெண்கள் லீக் அரை இறுதி, அக்கா பார்ப்பாள்.

காலை ஒன்பது மணிக்கே சிக்னல் ஏணியும் கட்டிங் பிளேயருமாக அண்ணன் வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நானும் எங்கள் மாடியில், நேற்றே காய்ந்துவிட்ட துணியை உதறி மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கனெக்‌ஷன் வேண்டாம் என்றாகிவிட்டது, ஒயர் என்னுடையது, அதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அவர் அறிவித்தார். அண்ணி பக்கத்தில்தான் நின்றாள். அறிவிப்பு என்னவோ தெருக்கோடி வரை கேட்டது.

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். “தாராளமா எடுத்துக்கோங்க தம்பி. ஏணி ஆடுது, பாத்து ஏறுங்க” என்றாள்.

அவர் ஒயரை வெட்டினார். வளையம் வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். கோப்பை வாங்கின மாதிரி ஒரு நடையோடு படியை நோக்கிப் போனார்.

“ஒண்ணை மறந்துட்டுப் போறீங்களே.”

மாடிப்படி அறையின் வெளிச்சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரு சின்ன மின்விசிறி ராப்பகலாக முனகிக்கொண்டே இருக்கும். தூரம் போகப் போகக் கேபிளில் படம் மங்குமாம். நடுவில் இப்படி ஒரு பெட்டி வைத்துத் தெம்பு ஏற்றி அனுப்ப வேண்டுமாம். எங்கள் தெருவோடு சேர்த்து மூன்று தெருவுக்கு அந்தப் பெட்டி வழியாகத்தான் படம் போகிறது. அண்ணன் வீடுதானே என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் சிக்னல் அங்கே மாட்டினார். மின்சாரமும் அண்ணன் வீட்டுடையது. வீட்டுக்கு வருகிற எல்லாரையும் போல அக்காவும் அதைச் சுவரின் ஒரு பாகமாகவே நினைத்திருந்தாள், அந்த வாரம் வரை.

“அது பூஸ்டர் பெட்டி அண்ணி” என்றார் சிக்னல். குரல் தெருக்கோடிக்குக் கேட்கவில்லை.

“தெரியும் தம்பி. பதினோரு வருஷமா என் கரண்டைத்தான் குடிக்குது. கேபிளே இல்லாத வீட்டுல கேபிள் பெட்டி எதுக்கு? அதையும் தோள்ல போட்டுட்டுப் போங்க.”

இன்றைக்கு ஃபைனல், இன்றைக்குப் போய் இதில் கை வைத்தால் மூன்று தெருவும் சேர்ந்து என் ஆபீசை உடைத்துவிடும் என்று அவர் சொன்னார். கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, அதட்டுகிற மாதிரியும் இருந்தது. அக்கா கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, விலையைச் சொன்னாள்.

“சரி, பெட்டி இருக்கட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு என் வீட்டு ஹாலுக்கு வந்து உக்காருங்க. உங்க அண்ணன் பொண்ணோட மேட்ச்சை முழுசா பாருங்க. யாரு பாக்குறான்னு கேட்டீங்கல்ல, நீங்க பாருங்க. வரலைன்னா சுவிட்சை அணைச்சிடுவேன்.”

கேபிள்காரர் ஒருவர், ஃபைனல் நடக்கிற நேரத்தில், இன்டர்நெட் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றால் எங்கள் தெரு அதை மூன்று தலைமுறைக்குப் பேசும். அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, முகம் தெளிந்து சிரித்தார்.

“சுவிட்ச் உங்க வீட்டுதுதானே அண்ணி. தாராளமா அணைச்சுக்கோங்க.”

சொல்லிவிட்டு ஏணியையும் மறந்து இறங்கிப் போய்விட்டார். பெட்டி என்றதும் வெலவெலத்த மனுஷன் சுவிட்ச் என்றதும் ஏன் சிரித்தார்? எனக்குப் புரியவில்லை. அதே துணியை மூன்றாவது தடவை உதறினேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். அன்று காலை ஒரு லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாம். அதை இறக்கிவிட்டு மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தார். அந்த லிஃப்ட் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கும். மனைவிக்கும் தம்பிக்கும் நடுவில், எந்த மாடியிலும் கதவைத் திறக்காமல் தொங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த நேரம் என் ரவிக்கை ஒன்றுக்கு அவசரமாகக் கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் தம்பிக்காகப் பேசினார். இந்த வருடம் மட்டும் நாற்பது வீடு கேபிளை விட்டுப் போய்விட்டதாம். மழையில் கம்பத்தில் ஏறி, ஷாக் அடித்து விழுந்து, முழங்கையில் தகடு வைத்த உடம்பாம். சொந்த அண்ணன் வீடே விட்டால் மீதி வீடுகளைப் பிடித்து வைக்க அவன் எந்த முகத்தோடு போவான் என்று கேட்டார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அக்கா ஊசியில் நூலைக் கோத்தாள். பாவம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை என்றாள்.

“அவர் தொழில் படுத்துப்போச்சுன்னு நான் ஒரு நாள் சிரிச்சிருக்கேனா? என் பொண்ணோட தொழிலைப் பாத்துத்தான் அவர் சிரிச்சாரு. அதுவும் என் வீட்டுலயே உக்காந்து.”

வீட்டுக்காரர் தட்டைக் கழுவி வைத்தார். “நிஜமாவே சுவிட்சை அணைக்கப் போறியா?” என்று மட்டும் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். வெளியே எடுத்தார். மறுபடியும் செருகிக்கொண்டார். எனக்குக் கை பிடித்துக் கொடுத்த ரவிக்கை, சொல்லத்தான் வேண்டும், ஒரு பக்கம் இறக்கமாகிவிட்டது.

நாலு மணிக்கு அக்கா தையல் மிஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு ஹாலில் நாற்காலிகளைப் போட்டாள். நடுவில் இருந்தது கொழுந்தனுக்கு. ஓரத்தில் இருந்தது எனக்கு. போனை மிஷின் பலகையின் மேல் வைத்தாள். மகளுடைய அறைத்தோழி மைதானத்துக்கே போய்ப் பார்வையாளர் கூட்டத்தில் இருந்தாள். முக்கியமாக ஏதாவது நடந்தால் உடனே கூப்பிடுகிறேன் ஆன்ட்டி என்று சொல்லியிருந்தாள்.

டிவியில் மைதானம் வந்தது. வரிசையாக நிற்கிற பெண்கள், பாட்டு, கைகுலுக்கல். அப்புறம் ஒரு மூன்று வினாடி, பெஞ்சைக் காட்டினார்கள். இருபத்திரண்டாம் நம்பர் சட்டையில் பூட்டு உட்கார்ந்திருந்தாள். தொளதொளவென்று இருந்த அந்தச் சட்டையைப் போன தடவை ஊருக்கு வந்தபோது அக்காதான் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

இரண்டு வருடம் காத்திருந்து, மகளை டிவியில் முதன்முதலாகப் பார்க்கிற தாய் என்ன சொல்வாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

“தோள்ல இறுக்குது” என்றாள் அக்கா. “அரை இன்ச் விட்டிருக்கணும்.”

நாலு அஞ்சு. நாலு பத்து. நடு நாற்காலி காலியாகவே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிரிக்கெட் சத்தத்தை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டிக்கொண்டிருந்தார். நாலே காலுக்கு அக்கா எழுந்து மாடிக்குப் போனாள். நானும் போனேன், அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

மாடிப்படி அறையில் இருந்த சுவிட்சை அமுக்கினாள்.

பெட்டிக்குள் மின்விசிறி முனகிக்கொண்டே இருந்தது. அவள் மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். கீழே மூன்று தெருவிலும் ஒரே நேரத்தில் கைத்தட்டல் கேட்டது. யாரோ சிக்ஸர் அடித்திருக்கிறார். படம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

“அது வேலை செய்யாது” என்றது பின்னால் ஒரு குரல். வீட்டுக்காரர்.

பெட்டி மாட்டிய முதல் வாரத்தில் அக்கா தெரியாமல் ஒரு தடவை அந்த சுவிட்சை அணைத்துவிட்டாளாம். மூன்று தெருவிலும் படம் போய், சிக்னல் வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அன்றைக்கே அண்ணன்காரர் சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராகப் பெட்டிக்கு இழுத்துவிட்டார். பதினோரு வருடமாக அந்த சுவிட்ச் சுவரில் அழகுக்கு இருக்கிறது. வீட்டில் அது தெரியாதவள் ஒருத்திதான். காலையில் சிக்னல் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போது விளங்கியது.

அக்கா சுவிட்சை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியில யாரு பட்டனை அமுக்கினாலும் லிஃப்ட் நிக்குது. அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்” என்றாள். “என் வீட்டுல நான் அமுக்கினா ஒரு தகரப் பெட்டி நிக்கல.”

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வழக்கம்போல மறுபடி உள்ளே வைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். வைக்கவில்லை. பெட்டிக்குப் போகிற லைனின் ஃபியூஸை மட்டும் பிடுங்கினார், பெட்டியின் மூடியைத் திறந்தார், இரண்டு திருகாணியைத் தளர்த்தி ஒரு ஒயரை வெளியே இழுத்தார், அதன் முனையில் பொறுமையாக டேப் சுற்றினார்.

மின்விசிறி நின்றது. பதினோரு வருடத்துச் சத்தம் போனதும் மாடி திடீரென்று பெரிதான மாதிரி இருந்தது. அடுத்த நொடி மூன்று தெருவிலிருந்தும் “ஏய்ய்” என்று ஒரே குரல் எழுந்தது.

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, ஒயரைக் கையில் பிடித்தபடி அதன்மேல் உட்கார்ந்தார். “நீ கீழ போய் ஆட்டத்தைப் பாரு. நீ சொன்னாத்தான் மாட்டுவேன்” என்றார்.

கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அந்த லிஃப்ட் அன்றைக்குத்தான் ஒரு மாடியில் நின்று கதவைத் திறந்தது.

கீழே வந்தால், ஹாலில் டிவி உறைந்து போயிருந்தது. பச்சைப் புல். கோலுக்கு முன்னால் இரண்டு பெண்கள் மோதிக்கொண்டு விழுந்து கிடக்கிறார்கள். ஒருத்தி முதல் கோல்கீப்பர், தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி பெனால்டி இடத்தைக் கை காட்டுகிறார். எல்லாருக்கும் மேலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றியது, சுற்றியது, நிற்கவே இல்லை.

முதல் கோல்கீப்பர் எழுந்திருக்காவிட்டால் யார் இறங்குவார் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் டிவிக்கு ஓர் அடி தூரத்தில் போய் நின்றாள்.

அப்போதுதான் சிக்னல் உள்ளே நுழைந்தார். பனியன், ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னாலேயே பால்காரர், மளிகைக்கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர். ஆபீசில் போன் நிற்காமல் அடிக்கிறது, அண்ணனைக் கூப்பிட்டுப் பெட்டியைப் போடச் சொல்லுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னார். அக்கா திரும்பவே இல்லை.

“இது ஏன் தம்பி சுத்துது?” என்றாள்.

இருபது வருடப் பழக்கம். யாராவது டிவியைக் காட்டி ஏன் என்று கேட்டால், அவருக்குச் சண்டை மறந்துவிடும். திரையைப் பார்த்தார். மூலையில் இருந்த இன்டர்நெட் பெட்டியின் விளக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, கூட வந்தவர்களின் கைகளைப் பார்த்தார். பால்காரர் கையில் போன், அதில் கிரிக்கெட். மளிகைக்கடைக்காரர் கையில் போன், அதிலும் கிரிக்கெட்.

“யாரு வைஃபை இது?”

பால்காரர் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் என் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். அக்கா ஆறு சீட்டுதான் கொடுத்தாள். நான் அதை என் நாத்தனாருக்கு மட்டும்தான் காட்டினேன். அவள் யாருக்கு மட்டும் காட்டினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“கேபிள் போனதும் பாதித் தெரு உங்க லைன்ல வந்து தொங்குது அண்ணி” என்றார் சிக்னல். “எல்லாரும் என் பக்கம் திரும்பிப் போனாத்தான் உங்க படம் நகரும். என் பெட்டி ஓடினாத்தான் உங்க டிவி ஓடும்.”

தன் வாழ்நாளில் இவ்வளவு அழகான ஒரு விஷயத்தைச் சொல்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

அக்கா வட்டத்தைப் பார்த்தாள். தரையில் கிடக்கிற கோல்கீப்பரைப் பார்த்தாள். இறங்கி வந்துவிடுவாள் என்றே நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் இறங்கியிருப்பார்கள். அவள் நடு நாற்காலியை இழுத்து அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

“உக்காருங்க.”

“அண்ணி, பெட்டியைப் போடச் சொல்றேன், நீங்க...”

“உக்காந்தாத்தான் பெட்டி.”

“நான் இங்க உக்காந்தா ஊரே சிரிக்கும்.”

“என் பொண்ணு ரெண்டு வருஷமா பெஞ்சுல உக்காந்திருக்கா. நீங்க ஒரு மணி நேரம் நாற்காலியில உக்காருங்க.”

பால்காரர் தொண்டையைக் கனைத்தார். சிக்னல் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். முழங்கைத் தகட்டைத் தடவிக்கொண்டார். உட்கார்ந்தார்.

அக்கா படிக்கட்டுப் பக்கம் போய், “உக்காந்துட்டாருங்க” என்று குரல் கொடுத்தாள்.

“முழுசா உக்காந்தானா?” என்று மேலிருந்து கேள்வி வந்தது.

“முழுசா.”

கொஞ்ச நேரத்தில் மேலே மின்விசிறி முனகத் தொடங்கியது. தெருவில் ஆரவாரம். வந்த கூட்டம் வந்த வேகத்திலேயே அவரவர் வீட்டு டிவிக்கு ஓடியது. பால்காரர் மட்டும் என்ன காரணத்தாலோ சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். வட்டம் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக் காணாமல் போனது. கோல்கீப்பர் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது.

மாடியிலிருந்து இறங்கிய வீட்டுக்காரர் வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வந்து, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பெஞ்சிலிருந்து ஒருத்தி கையுறையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தாள். முதுகில் இருபத்திரண்டு.

“நம்ம புள்ள” என்றார் சிக்னல்.

யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாடியில் ஒயர் கட்டும்போதெல்லாம் சுருளைப் பிடித்துக்கொள்ள அவளைத்தான் கூட்டிப் போவார். அவள் கையிலிருந்து ஒயர் நழுவினதே இல்லை என்று எங்களுக்கு இல்லாமல் டிவிக்குச் சொன்னார். பிறகு தொழில் நினைவு வந்து, படம் துல்லியமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைச் சரிக்கட்ட வேண்டாமா?

“விட்ட எடத்துலேர்ந்து ஓடுது. இப்ப ஒரு நிமிஷம் இல்ல அண்ணி, நாலு நிமிஷம் பின்னாடி இருக்கீங்க.”

நடுவர் பந்தைப் பெனால்டி இடத்தில் வைத்தார். எதிர் அணியின் உயரமான பெண் பந்துக்கு முன்னால் வந்து நின்றாள். பூட்டு கோல் கோட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். தோள் தையல் இழுபட்டது, இங்கே உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

தையல் மிஷினின் மேல் போன் அடித்தது.

அறைத்தோழி. மைதானத்திலிருந்து.

ஹாலில் இருந்த அஞ்சு பேரும் போனைப் பார்த்தோம். அங்கே எல்லாம் முடிந்திருந்தது. பந்து உள்ளே போனதா, பிடித்துவிட்டாளா என்பது அந்தப் போனுக்குள் இருந்தது.

“எடுங்க அண்ணி” என்றார் சிக்னல். “நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சிடும். எதுக்கு இந்தப் படபடப்பு?”

அக்கா எழுந்து போனைக் கையில் எடுத்தாள். அதைக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் கிடந்த தைக்காத துணியை எடுத்து நாலாக மடித்து அதன்மேல் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்து அந்தத் துணியின்மேல் வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு வாரமா என் வீட்டு ஆட்டத்தையெல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டாச்சு” என்றாள். “என் பொண்ணு ஆடுறதை யாரும் எனக்கு முன்னாடி சொல்ல வேணாம். நான் பாத்துக்குறேன்.”

போன் ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. நல்ல செய்திக்கு இத்தனை தடவை கூப்பிடுவார்களா என்ற எண்ணம் எனக்கு வந்தது. வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் வந்திருந்தது. அவர் கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது.

டிவியில் அந்த உயரமான பெண் நாலு அடி பின்னால் போனாள்.

அக்கா முன்னால் குனிந்தாள். நாலு நிமிடத்துக்கு முன்னால் நடந்து முடிந்த ஒன்றைப் பார்த்து, இப்போதுதான் நடக்கப்போகிறது என்கிற மாதிரி, காதில் ஓதுகிற குரலில் சொன்னாள்.

“தையல் கிழிஞ்சாலும் பரவாயில்லடி. கையை நல்லா நீட்டு.”

நடுவர் விசில் ஊதினார். அந்த உயரமான பெண் ஓடி வரத் தொடங்கினாள். துணிக்கும் கத்தரிக்கோலுக்கும் அடியில் போன் மூன்றாவது தடவை அடித்தது. சிக்னல்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.